பிளென்னிக்கும் தீனி போடுங்கள்

கடல்நீர் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். தொட்டியில் மண்டும் பாசியைத் தின்னும் என்று பலர் வாங்கும் சிறு கடல்மீன் லான்மோவர் பிளென்னி. இந்த வாரமும் அப்படி ஒன்றை, வயிறு ஒட்டிச் செத்த பிறகுதான் என்னிடம் காட்டினார்கள். நோயின் அடையாளம் ஏதுமில்லை, பட்டினி. "பாசி தின்னும் மீன்தானே, தீனி எதற்கு?" என்கிறார் வளர்த்தவர். விற்ற கடையிலும் அப்படித்தான் சொன்னார்களாம்.

பொறுக்க முடியவில்லை. செங்கடல் முதல் சமோவா வரை ஆழமற்ற பவளத்திட்டுகளில் வாழும் இந்த மீன், சீப்புப் போன்ற நுண்பற்களால் பாறையைச் சுரண்டித் தின்கிறது என்பது உண்மை. ஆனால் அது சுரண்டுவது பச்சைப் பாசியை மட்டும் அன்று. பாசி இழைகளுக்கு நடுவே தங்கும் மட்கிய வண்டலும் நுண்ணுயிர்களும் அதன் உணவில் பெரும்பங்கு. கடலில் பகல் முழுக்க மேய்ந்தாலும் மேய்ந்த இடத்தில் மறுபடி வளர்ந்துவிடும். தொட்டியிலுள்ள நான்கு பாறைகளில் எத்தனை நாளைக்கு வளரும்? கண்ணாடி பளிச்சென்று ஆனதும் நீங்கள் மகிழ்கிறீர்கள்; மீனுக்கு உணவு தீர்ந்துவிட்டது. நீண்டு வளர்ந்த முடிப்பாசியைக் காட்டி, "இன்னும் இருக்கிறதே" என்று வாதாட வேண்டாம். அதைப் பல மீன்கள் தொடுவதே இல்லை.

கடற்பாசித் தாளும் ஸ்பைருலினா என்னும் நுண்பாசி கலந்த தீனியும் தினமும் கொடுங்கள். சில மீன்கள் கடைசிவரை தீனிக்குப் பழகுவதில்லை. அதனால் கடையிலேயே உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லி, தின்றால் மட்டும் வாங்குங்கள். வயிறு குழிந்த மீனைப் பரிதாபப்பட்டும் வாங்காதீர்கள்.

அடுத்து, "மீன் அடியிலேயே கிடக்கிறது" என்று வரும் தொலைபேசி அழைப்புகள். வளர்ந்த பிளென்னிகள் பெரும்பாலானவற்றுக்கு, மீன்கள் மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது. துடுப்பை ஊன்றிப் பாறையில் உட்கார்ந்திருப்பதும், பொந்திலிருந்து எட்டிப் பார்ப்பதும் அவற்றின் இயல்பு. நோய் என்று நினைத்து, ஒட்டுண்ணிகளுக்கான தாமிர மருந்தை ஊற்றிவிடாதீர்கள். செதில் இல்லாத உடல் அது, மருந்தைத் தாங்குவது கடினம்.

பிளென்னிகள் எல்லாமே பாசி மேய்பவையும் அல்ல. மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீனின் நீலக்கோட்டு வேடத்தில் வரும் ஆஸ்பிடோண்டஸும் ஒரு பிளென்னிதான். மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். துப்புரவு மீன் என்று காட்டப்படுவதன் வாய் முகத்தின் கீழ்ப்பக்கம் இருந்தால் வாங்காதீர்கள்.

தொட்டிக்கு மூடி போடுங்கள், துள்ளி வெளியே விழும். சிறிய தொட்டியில் இரண்டாவதை விடாதீர்கள், சண்டை ஓயாது. பாசி மண்டுவதுதான் உங்கள் கவலை என்றால் விளக்கு எரியும் நேரத்தையும் மிஞ்சிப்போகும் தீனியையும் குறையுங்கள், தண்ணீரை ஒழுங்காக மாற்றுங்கள். அதற்காக ஒரு மீனை வாங்காதீர்கள், தயவுசெய்து.