லைவ் ராக்கில் ஒட்டிவந்த சிப்பிக்கு என்ன சாப்பாடு?

கடல்நீர் மீன்தொட்டியில் லைவ் ராக் (சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் கடற்கல்) வைத்த சில வாரங்களில், கல் இடுக்கில் மெல்லிய பிளவு ஒன்று திறந்து திறந்து மூடுவது தெரியும். காசு கொடுக்காமல் கல்லோடு வந்த விருந்தாளி அது, பெரும்பாலும் இரட்டை ஓட்டுச் சிப்பி. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ தொட்டி வைத்திருப்பவர் முதலில் கேட்பது, "மீனைக் கடிக்குமா?" என்றுதான். கடிக்காது, அதற்குப் பல்லே கிடையாது.

என்ன வகை என்று தெரிய, அது கல்லை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஓடு முழுக்கக் கல்லோடு இறுகியிருந்தால் ஆளி (ஆய்ஸ்டர்) வகையாக இருக்கலாம். ஓட்டின்மேல் பழுப்பு ரோமத்தோடு, நூல்களால் கட்டிக்கொண்டு இடுக்கில் செருகிக் கிடந்தால் ஆர்க் சிப்பி. ஓட்டு விளிம்பை ஒட்டிய சதையில் குட்டிக் கண்கள் வரிசையாக இருந்தால் முள் சிப்பியாக இருக்கலாம். எதுவானாலும் நெம்பி எடுக்காதீர்கள். நூலை இழுத்தால் உள்ளே சதை கிழிந்துவிடும்.

அதன் வேலையைப் பார்க்க ஆசையா? மோட்டாரை நிறுத்திவிட்டு, ட்ராப்பரில் பச்சை நுண்பாசிக் கரைசலைப் பிளவுக்கு அருகே ஒரு சொட்டு விடுங்கள். பச்சைப் புகை ஒரு பக்கம் உள்ளே இழுபடும். கொஞ்சம் தள்ளித் தெளிந்த நீர் வெளியே வரும். செவுளில் இருக்கும் நுண்மயிர்கள் ஓயாமல் துடித்துத்தான் இந்த ஓட்டத்தை உண்டாக்குகின்றன. பாசி சளியில் ஒட்டி வாய்க்கு நகரும். வேண்டாததைச் சிப்பி சளியில் உருட்டித் துப்பிவிடும். வளர்ந்த ஆளி ஒன்று மணிக்குச் சில லிட்டர் நீரை இப்படி வடிகட்டும்.

சிக்கலே இங்கேதான். ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி) போட்டுப் பளிச்சென்று வைத்திருக்கும் தண்ணீரில் அதற்குச் சோறு இல்லை. முத்துப்பேட்டை உப்பங்கழியின் கலங்கல் நமக்கு அழுக்கு, ஆளிக்கு அதுதான் சாப்பாடு. பட்டினி கிடக்கும் சிப்பி உடனே சாகாது. மாதக்கணக்கில் உடம்பைக் கரைத்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் வாய் பிளந்து கிடக்கும். அதனால் வாரத்தில் சில தடவை நுண்பாசி கொடுங்கள். அளவு மிஞ்சினால் தண்ணீர் கெட்டுவிடும்.

ஓடு வளர கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்தால் போதும். கத்திரி வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுங்கள். வேதாரண்யம் பக்கம் போர்வெல்லில் உப்புத் தண்ணீர்தானே வருகிறது என்று அதை ஊற்ற வேண்டாம். அதில் கால்சியமும் மக்னீசியமும் கடலில் உள்ள விகிதத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது.

பிளந்து கிடக்கும் சிப்பியைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். மூடினால் சரி. மூடாவிட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அழுகும் சதையிலிருந்து வரும் அம்மோனியா, சின்னத் தொட்டியில் மீனையும் கொன்றுவிடும். அப்புறம் ஒன்று: மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீன் பிழைக்கும், சிப்பி போய்விடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.