லைம் நோய்த் தடிப்பு நம் தோலில் சிவப்பாகத் தெரியாமல் போகலாம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். ஜூன் பிறந்தால் இங்கே நம் தமிழர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து டென்ட்டோடு ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஹவுசடானிக் மெடோஸ் மாநிலப் பூங்காவில் பைன் மரங்கள் நிற்கும், பக்கத்திலேயே ஆறு ஓடும். அவசியம் போகவேண்டிய இடம். போவதற்கு முன் கரடி வருமா, பாம்பு உண்டா என்றெல்லாம் என்னிடம் கேட்பார்கள். உண்ணியைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை.

ஜூலையில் அவர்களில் சிலர் காய்ச்சல், உடம்புவலி, அசதி என்று வருகிறார்கள். சோதித்தால் தொடையிலோ இடுப்பிலோ ஒரு தடிப்பு இருக்கும். "படர்தாமரைன்னு நினைச்சு களிம்பு போட்டுட்டு இருந்தேன் டாக்டர்" என்பார்கள்.

அது லைம் நோயாக இருக்கலாம். கருங்கால் உண்ணியின் கடி வழியாகப் பரவும் பாக்டீரியா நோய் அது. மே முதல் ஜூலை வரை திரியும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். பறக்காது, மரத்திலிருந்து குதிக்காது. பாதையோரப் புல்லிலும் சருகிலும் காலை நீட்டிக் காத்திருந்து, உரசிப்போகிறவர் மேல் தொற்றிக்கொள்ளும். கடித்தால் வலிக்காது.

இணையத்தில் தேடினால் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையம்தான் படமாக வரும். பலருக்கு வளையமே வருவதில்லை. நம் மாநிறத் தோலில் அந்தத் தடிப்பு கன்றிப்போன இடம் போலவோ, கருஞ்சிவப்பாகவோ, வெறும் பழுப்புத் திட்டாகவோ தெரியும். கடித்த 3 முதல் 30 நாளுக்குள் தோன்றி, நாளுக்கு நாள் விரிந்து 5 சென்டிமீட்டரைத் தாண்டும். தொட்டால் லேசாகச் சுடும். படர்தாமரை அரிக்கும், செதில் உதிரும். இது பெரும்பாலும் அப்படி இருக்காது. சந்தேகம் வந்தால் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, தினமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

மருத்துவரிடம் போனதும் எங்கே, எப்போது கேம்பிங் போனீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஆரம்ப வாரங்களில் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. "சிவப்பா இல்லையே" என்று மருத்துவர் சொன்னாலும் விடாமல் கேளுங்கள். 1975-இல் இதே மாநிலத்தில் லைம் என்ற ஊரில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூட்டு வீங்கியபோது, பாலி மரே என்ற தாய் விடாமல் கேட்டதும் இந்த நோய் வெளிச்சத்துக்கு வர ஒரு காரணம். ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகிவிடும். தள்ளிப்போட்டால் முகவாதம், முழங்கால் வீக்கம், இதயத்துடிப்புக் கோளாறு வரை போகலாம்.

உண்ணி ஒட்டியவுடன் நோய் வந்துவிடாது, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் கடித்தபடி இருக்க வேண்டும். அதனால் தினமும் மாலையில் உடம்பைப் பார்ப்பதுதான் நம் கையில் உள்ள பெரிய பாதுகாப்பு. முழங்காலின் பின்பக்கம், தொடையிடுக்கு, அக்குள், தொப்புள், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். பெண்பிள்ளைகளின் பின்னலை அவிழ்த்து மண்டையையும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியைத் துவைப்பதற்கு முன்பே 10 நிமிடம் அதிக சூட்டில் டிரையரில் ஓட்டுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தெளிப்பான் ஷூவுக்கும் துணிக்கும் மட்டும்தான், தோலில் படக்கூடாது. தோலுக்கு டீட் (DEET) என்ற பூச்சிவிரட்டி போதும்.

உண்ணி ஒட்டியிருந்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். எடுத்த உண்ணியைச் சின்ன பையில் போட்டு வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். சில சமயம் 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்து நோயைத் தடுக்க முடியும்.

அப்புறம், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. கேம்பிங்குக்குக் கூட்டிப்போகிறோம், அவர்கள் முதுகை யாரும் பார்ப்பதில்லை. விசிட்டர் இன்சூரன்ஸ் செலவை நினைத்துக் காய்ச்சலைச் சொல்லாமலும் இருந்துவிடுவார்கள். ஊர் திரும்பிய பிறகு முழங்கால் வீங்கினால் அங்கே சிக்குன்குனியா என்றுதான் முதலில் நினைப்பார்கள். லைம் நோய் அங்குள்ள மருத்துவர் அன்றாடம் பார்க்கும் நோய் அல்ல. எந்த மாநிலத்தில், எந்தத் தேதியில் காட்டுக்குள் தங்கினார்கள் என்று ஒரு தாளில் எழுதி அவர்களுடைய மருந்துச் சீட்டோடு வைத்து அனுப்புங்கள்.