நீல மாத்திரை, நாப்கின், முட்டை: 10 வயசுலேர்ந்து 19 வயசு வரைக்கும் நம்ம புள்ளைங்களுக்கு என்னென்ன பாத்தியதை

நான் படிச்ச ஸ்கூலுக்குப் பின்னாடி ஒரு சந்து உண்டு, அதுல நடந்தா குட்டி குட்டியா நீல கலர் மாத்திரை கெடக்கும். வாயில போட்டு நாக்குக்கு அடியில ஒதுக்கிட்டு, டீச்சர் அந்தப் பக்கம் திரும்புனதும் துப்பி ஜன்னல் வழியா வீசுனது. வீசுனதுல நானும் உண்டு. அது எதுக்குன்னு எங்களுக்கு யாரும் ஒழுங்கா சொல்லல, "முழுங்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் காலேஜ்ல ரத்ததான முகாம்னு பந்தாவா போய் உக்காந்தா, விரல்ல குத்திப் பாத்துட்டு ஹீமோகுளோபின் 9-க்கு கீழ இருக்கும்மா, குடுக்கறதுக்கு 12.5 வேணும், நீ போய் மொதல்ல நல்லா சாப்புடுன்னு ஒரு பிஸ்கட்ட கையில குடுத்து அனுப்பிட்டாங்க. அன்னிக்குதான் அந்த சந்து ஞாபகத்துக்கு வந்துச்சு.

அதனால இத ஒரு தடவ தெளிவா எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. வயசுக்கு வர்ற வயசுல இருக்குற புள்ளைங்க உடம்புக்காக அரசாங்கம் என்னென்ன தருது, யாருக்குக் கிடைக்கும், யாருக்கு நடுவுல விட்டுப்போகுது, அவ்வளவுதான்.

மொதல்ல அந்த நீல மாத்திரை. பேரு வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை திட்டம். இந்தியா முழுக்க 2013 வாக்குல வந்துச்சு, 2018-ல ரத்தசோகை இல்லாத பாரதம்னு பெரிய திட்டமா மாத்துனப்போ அதுக்குள்ள இதுவும் போயிடுச்சு. ஒரு மாத்திரைல 60 மில்லிகிராம் இரும்புச்சத்து, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். 10 வயசுலேர்ந்து 19 வயசு வரைக்கும் வாரத்துக்கு ஒண்ணு, வருஷம் பூரா. அரசு ஸ்கூல், அரசு உதவி பெறுற ஸ்கூல்ல 6-லேர்ந்து 12 வரைக்கும் படிக்கிற பொண்ணு பையன் ரெண்டு பேருக்கும் ஸ்கூல்லயே குடுப்பாங்க. 5 வயசுலேர்ந்து 9 வரைக்கும் உள்ள சின்னதுங்களுக்கு ரோஸ் கலர் மாத்திரை, அது தனி, அளவும் கம்மி. கூடவே வருஷத்துக்கு ரெண்டு தடவ, பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும், பூச்சி மாத்திரை, அதாவது அல்பெண்டசோல், மென்னு தின்னணும். எல்லாமே இலவசம், வருமான சான்றிதழோ சாதி சான்றிதழோ எதுவும் கேக்கக்கூடாது.

பூச்சி மாத்திரை எதுக்கு இதுகூடன்னு கேக்கலாம். கொக்கிப்புழுன்னு ஒண்ணு குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தக் குடிக்கும், அது மண்ணுலேர்ந்து வெறும் பாதம் வழியா உடம்புக்குள்ள ஏறும். வீட்ல கக்கூஸ் இல்லாம காட்டுப்பக்கம் போற தெருவுல, செருப்பில்லாம ஓடுற புள்ளைக்குத்தான் அது வரும், மாடி வீட்டு புள்ளைக்கு அவ்வளவா வராது. ஊர்ல எந்தத் தெருவுக்கு பைப்பும் கழிவறையும் கடைசியா வந்துச்சோ அந்தத் தெரு புள்ளைங்கதான் ரத்தத்துலயும் கடைசியில நிக்குதுங்க.

இப்போ பொண்ணு பையன் விஷயத்துக்கு வருவோம். 2019-லேர்ந்து 21 வரைக்கும் நடந்த தேசிய குடும்ப நல சர்வேல 15லேர்ந்து 19 வயசு பொண்ணுங்கள்ல 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயசு பையன்ங்கள்ல 31.1 சதவீதம். மாசா மாசம் தீட்டுல ரத்தம் போகுது, அதனாலன்னு ஒரு காரணம் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா அது பாதி கதைதான். மீதி பாதி நம்ம அடுப்படியில இருக்கு. கறி எடுத்தா மொதல்ல அப்பா தட்டு, அப்புறம் தம்பி தட்டு, ஈரல் துண்டு எப்பவும் ஆம்பள புள்ளைக்கு, அவன் வெளில ஓடி ஆடுறவனாம். பொண்ணும் அம்மாவும் கடைசியில உக்காந்து கொழம்புச் சட்டிய வழிச்சு சோறு பெசஞ்சு சாப்புடுவாங்க. யாரும் அவள சாப்பிடாதேன்னு அடிக்கல, திட்டல. சின்ன வயசுலேர்ந்து பாத்து பாத்து அவளே தட்ட தள்ளி வச்சுக்கக் கத்துக்குறா, அம்மா செய்றத பாத்துதான, அம்மா அவங்க அம்மாவ பாத்து.

இதுல ஒரு வேடிக்க என்னன்னா, நமக்கு விஷயம் தெரியாமயும் இல்ல. பொண்ணு பெரிய மனுஷி ஆனதும் அத்தைக்காரி நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டு வந்து குடிக்க வைப்பா, உளுந்தங்களி கிண்டிப் போடுவா, இடுப்பெலும்பு பலமாகணும்பாங்க. அந்த வயசு உடம்புக்கு சத்து வேணும்னு நம்ம பாட்டிங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. ஆனா அது சடங்கு முடியற வரைக்கும் ஒரு பத்து பதினாறு நாளுதான். பந்தல் பிரிச்சதும் அவ திரும்ப கொழம்புச் சட்டிக்கு வந்துடுவா. ரத்தம் போறது மட்டும் அதுக்கப்புறம் முப்பது முப்பத்தஞ்சு வருஷத்துக்கு நிக்காது.

சரி, மாத்திரை எப்படி முழுங்கணும். வெறும் வயித்துல கூடாது, கொமட்டும், வாந்தி வரும், அந்த பயத்துலதான் பாதி புள்ளைங்க துப்புது. மத்தியானச் சோறு சாப்பிட்டு அப்புறம் போடணும். டீ, காபி கூட சேத்துப் போட்டா சத்து உடம்புல ஒட்டாது, முன்னபின்ன ஒரு மணி நேரம் டீய தள்ளி வைங்க. எலுமிச்சம்பழ ஜூஸோ ஒரு நெல்லிக்காயோ கூட இருந்தா நல்லா ஒட்டும். மறுநாள் வெளிக்குப் போறது கருப்பா வரும், அது சாதாரணம், பயந்துடாதீங்க. இந்த மாத்திரை போட்டா புள்ள பொறக்காதுன்னு ஒரு வதந்தி சுத்துது பாருங்க, சுத்தப் பொய், இதே இரும்புச்சத்து மாத்திரையத்தான் கர்ப்பமா இருக்கும்போது தினமும் போடச் சொல்லி நர்ஸம்மா குடுக்குறாங்க. சொல்லப்போனா டீச்சரும் புள்ளைங்க முன்னாடி ஒண்ணு முழுங்கிக் காட்டணும்னுதான் வழிமுறையிலயே இருக்கு, எங்க டீச்சர் யாரும் காட்டுனதா எனக்கு ஞாபகம் இல்ல.

ஆனா ஒண்ண கட்டாயம் மனசுல வைங்க. 2023 மார்ச்சுல ஊட்டியில யாரு நெறய மாத்திரை சாப்புடுறாங்கன்னு பந்தயம் கட்டி புள்ளைங்க அள்ளித் தின்னு, 13 வயசுப் பொண்ணு ஒண்ணு செத்தே போச்சு. இரும்புச்சத்து அளவு மீறுனா ஈரல் போயிடும், அது மிட்டாய் இல்ல. அதனால டப்பாவ புள்ளைங்க கையில குடுக்கக்கூடாது, ஒண்ணே ஒண்ணு, பெரியவங்க கண்ணு முன்னாடி, தண்ணியோட. வீட்டுக்குக் குடுத்து விட்டா சின்ன புள்ள கைக்கு எட்டாத எடத்துல வைங்க. யாராவது அள்ளித் தின்னுட்டாங்கன்னு தெரிஞ்சா வாந்தி வரட்டும்னு காத்துட்டு இருக்காம நேரா ஜி.எச்.க்கு ஓடுங்க.

வாரம் ஒரு மாத்திரைங்கறது சோகை வராம தடுக்கத்தான், ஏற்கனவே சோகை இருந்தா அது பத்தாது. அதுக்கு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா எடுப்பாங்க. 12 வயசு ஆன பொண்ணுங்களுக்கு 12-க்கு கீழ போனா சோகை, 15 தாண்டுன பையனுக்கு 13-க்கு கீழ. 8-லேர்ந்து 11 கிட்ட இருந்தா நடுத்தரம், டாக்டர் மூணு மாசத்துக்கு தினமும் மாத்திரை எழுதி, மாசா மாசம் வந்து காட்டச் சொல்லுவாங்க. 8-க்கும் கீழன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஸ்கூலுக்கே டாக்டர் டீம் ஒண்ணு வண்டியில வரும், ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம்னு நீளமா பேரு, 2013-லேர்ந்து இருக்கு, 18 வயசு வரைக்கும் எல்லா புள்ளையையும் பாக்கணும், கண்ணு, காது, பல்லு, இதயம், ரத்தம், வளர்ச்சி எல்லாம். ஏதாவது கண்டுபிடிச்சா மேல் சிகிச்சையும் இலவசம். அந்த டீம் வர்ற அன்னிக்குப் பாத்து லீவு போடாதீங்க, என்னிக்கு வராங்கன்னு ஹெச்எம் கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க.

அடுத்து நாப்கின். தமிழ்நாட்டுல இதுக்குப் பேரு புதுயுகம் திட்டம், 2012-ல ஆரம்பிச்சது, மொதல்ல கிராமத்துக்கு மட்டும் இருந்துச்சு, அப்புறம் டவுனுக்கும் வந்துச்சு. 10-லேர்ந்து 19 வயசு பொண்ணுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ 3 பாக்கெட், ஒரு பாக்கெட்ல 6, ஆக வருஷத்துக்கு 18 பாக்கெட். கணக்குப் போட்டா மாசத்துக்கு 9 நாப்கின் வருது. அஞ்சு நாள் தீட்டுக்கு அது பத்துமான்னு கேட்டா பல பேருக்குப் பத்தாது, மீதிக்குத் துணிதான். துணி தப்பில்ல, ஆனா அத வெயில்ல காயப் போடணும், நம்ம வீட்ல யாராவது கொடியில காயப் போட விடுறாங்களா? ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாதுன்னு கட்டிலுக்கு அடியில, பாத்ரூம் ஓரத்துல ஈரம் போகாம காயும், அப்புறம் அரிப்பு, புண்ணு. ஸ்கூல் கக்கூஸ்ல தண்ணி வராதுன்னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி குடிக்காம இருக்குற பொண்ணுங்கள எனக்கே தெரியும், கடைசியில நீர்க்கடுப்பு வந்து படுத்துக்கும். வெக்கப்படணும்னு சொல்லிக் குடுத்தே வர்ற நோவு இதெல்லாம்.

சாப்பாட்டுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம் இதுதான். தமிழ்நாட்டுல காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சது, 1-ஆம் வகுப்புலேர்ந்து 5-ஆம் வகுப்பு வரைக்கும். சத்துணவு 1982-ல எம்ஜிஆர் காலத்துல வந்துச்சு, அப்புறம் படிப்படியா வளந்து இப்போ வாரத்துக்கு அஞ்சு முட்டையோட 10-ஆம் வகுப்பு வரைக்கும். மத்திய அரசு காசு 8-ஆம் வகுப்போட நின்னுடும், 9-க்கும் 10-க்கும் மாநிலமே போடுது, அத பாராட்டியே ஆகணும். ஆனா கோட்ட இழுத்துப் பாருங்க. புள்ள 6-ஆம் வகுப்பு போற அன்னிக்கு காலை டிபன் நிக்குது. கிட்டத்தட்ட அதே வயசுலதான் உயரம் குபீர்னு ஏறுது, பொண்ணு வயசுக்கு வரா, பையனுக்கு சதை போடுது, இரும்புச்சத்து தேவை ஏறுது. ப்ளஸ் ஒன் போனதும் மத்தியானச் சோறும் முட்டையும் நிக்குது. வசதி இருக்குற வீட்ல டிபன் பாக்ஸ் நெறஞ்சு வரும், அது பிரச்சினை இல்ல. அம்மா விடிகாலையில களை பறிக்கவோ வீட்டு வேலைக்கோ போயிடுற வீட்ல, மூத்த பொண்ணு தம்பி தங்கச்சிக்கு கட்டிக் குடுத்துட்டு அவ வெறும் டீயோட கெளம்புவா. பசியோட ரத்தசோகையும் சேந்தா பாடம் மண்டையில ஏறாது, தூங்கி வழிவா, மந்தம்னு பேரு வாங்குவா. காலை உணவ மேல் வகுப்புக்கும், சத்துணவ ப்ளஸ் டூ வரைக்கும் நீட்டணும்ங்கறது என் கருத்து, கிராம சபையில நாலு பேரு சேந்து எழுந்து கேட்டு தீர்மானமா எழுத வைக்கப் பாக்கலாம்.

ஸ்கூல நிறுத்திட்ட புள்ளைங்க நெலம என்னன்னா, பொண்ணா இருந்தா நீல மாத்திரைய அங்கன்வாடியில வாங்கிக்கலாம், அது திட்டத்துலயே இருக்கு. நாப்கினும் அங்கன்வாடி இல்லன்னா கிராம சுகாதார நர்ஸ் மூலமா கிடைக்கும். இதத் தவிர 14-லேர்ந்து 18 வயசு பொண்ணுங்களுக்கு சத்துணவுப் பொட்டலம் தர்ற வளரிளம் பெண்கள் திட்டம்னு ஒண்ணு உண்டு, ஆனா அது வடகிழக்கு மாநிலங்களுக்கும், முன்னேற விழையும் மாவட்டங்கள்னு மத்திய அரசு பட்டியல் போட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கும் மட்டும், தமிழ்நாட்டுல ராமநாதபுரம், விருதுநகர் ரெண்டுதான். பையனா இருந்தா? ஸ்கூலுக்குப் போகாத பையனுக்கு வாராந்திர மாத்திரைத் திட்டத்துல எடமே இல்ல. பட்டறையிலயும் பரோட்டா கடையிலயும் நிக்கிற 16 வயசு பையனுக்கு யாரும் மாத்திரை கொண்டு வந்து குடுக்கமாட்டாங்க, அவனும் "ஆம்பளைக்கு என்ன சோகை"ன்னு நெனச்சுக்கிட்டு போய்க் கேக்க மாட்டான். அவன் நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டெஸ்ட் எடுத்து வாங்கிக்க வேண்டியதுதான், கேட்டா குடுப்பாங்க. மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குற பொண்ணுங்க கதை இன்னும் மோசம், சொந்த ஊர் அங்கன்வாடி லிஸ்ட்ல பேரு இருக்கும், ஆளு வேற மாவட்டத்துல இருப்பா.

வெறும் ரத்தம் மட்டும் இல்லாம மனசு, போதை, தீட்டு சந்தேகம், வீட்ல அடி உதை இதெல்லாம் பேசறதுக்கும் ஒரு எடம் இருக்கு. 2014 ஜனவரியில வந்த ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வஸ்த்ய காரியக்ரம்ல 10-லேர்ந்து 19 வயசுக்காரங்களுக்குன்னு அரசு ஆஸ்பத்திரிங்கள்ல தனி ஓபி வச்சிருக்காங்க, கவுன்சிலர் இருப்பாங்க, பேசுனத வெளில சொல்லக்கூடாதுங்கறது விதி. தற்கொலை எண்ணம், பயம், தூக்கம் வராததுன்னா 14416-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். பொதுவா உடம்பு சந்தேகத்துக்கு 104. 18 வயசுக்குள்ள கல்யாணம் பேசுறாங்கன்னா 1098, அந்தப் பொண்ணே பண்ணலாம், பக்கத்து வீட்டுக்காரங்களும் பண்ணலாம்.

கல்யாணம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989-லேர்ந்து கல்யாண உதவித் திட்டம் இருந்துச்சு, பின்னாடி தாலிக்கு 8 கிராம் தங்கம் வரைக்கும் குடுத்தாங்க. அத மாத்தி 2022 செப்டம்பர்ல புதுமைப் பெண் திட்டம்னு, அரசு ஸ்கூல்ல 6-லேர்ந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜோ டிப்ளமோவோ ஐடிஐயோ சேந்தா மாசம் 1000 ரூபா அவ பேங்க் கணக்குலயே போடுறதா ஆக்குனாங்க, பின்னாடி அரசு உதவி பெறுற தமிழ் மீடியத்துக்கும் வந்துச்சு. பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. இது எப்படி உடம்பு விஷயம்னு கேட்டா, படிப்பு மூணு வருஷம் நீண்டா கல்யாணமும் மொதல் கர்ப்பமும் அந்த அளவுக்குத் தள்ளிப் போகும். சோகையோட 17, 18-ல உண்டாகுற பொண்ணுக்கு எடை கம்மியா கொழந்த பொறக்க வாய்ப்பு அதிகம், அந்தக் கொழந்த பொண்ணா இருந்தா திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பம். அப்ளை பண்றது காலேஜ் மூலமாத்தான், ஆதார் கார்டு, பேங்க் பாஸ்புக், பழைய மார்க் ஷீட் போதும்.

மாத்திரையோ நாப்கினோ வரலன்னா முதல்ல கிளாஸ் டீச்சர், அடுத்து ஹெச்எம், அப்பவும் வரலன்னா கிராம சுகாதார நர்ஸ் இல்ல ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். ஸ்கூல் சம்பந்தமா 14417-லயும் புகார் சொல்லலாம். பொண்ணு எந்த வகுப்புல படிப்ப நிறுத்துனாலும், டி.சி. வாங்கிட்டு வர்ற வழியிலயே அங்கன்வாடியில நொழைஞ்சு பேரு எழுதிட்டு வந்துருங்க, ஸ்கூல் லிஸ்ட்லேர்ந்து அங்கன்வாடி லிஸ்ட்டுக்கு பேரு தானா மாறும்னு நம்பி உக்காந்துடாதீங்க.