491 வந்தாச்சு, காரை யார் ஓட்டப் போகிறீர்கள்?

சிட்னியில் குடிவரவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். 190 என்பது மாநிலம் பரிந்துரைக்கும் நிரந்தர விசா, 491 என்பது 'ரீஜனல்' எனப்படும் பகுதிகளில் மட்டும் வாழ்வதற்கான தற்காலிக விசா. என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, விண்ணப்பத்துக்கு எது எத்தனை புள்ளி சேர்க்கும் என்ற கணக்கைத்தான்: "190க்கு 5, 491க்கு 15, அப்போ 491ஐயே போட்டுடலாமா அக்கா?" போடலாம், தப்பில்லை. ஆனால் அந்த 15 புள்ளியோடு குறைந்தது மூன்று வருட வாழ்க்கையும் சேர்ந்து வருகிறது. அதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ரீஜனல் என்றதும் பலரும் பயப்படும் அளவுக்கு அது பட்டிக்காடு அல்ல. சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் நீங்கலாக நாடு முழுக்க ரீஜனல்தான். 2019 நவம்பரில் இந்த விசா வந்தபோது பெர்த்தும் கோல்ட் கோஸ்ட்டும்கூட அதில் சேர்ந்தன. சிட்னிக்குத் தெற்கே இருக்கும் வோலங்காங்கில் குடியிருந்தால் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் காரில் அரை மணி நேரம்தான். அதற்காக வீட்டை அங்கே வைத்துக்கொண்டு ரயிலேறி சிட்னிக்கு வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். குடியிருப்பு, வேலை, படிப்பு மூன்றும் ரீஜனல் எல்லைக்குள் இருக்க வேண்டும், மீறினால் 491க்கு அடுத்த படியான 191 நிரந்தர விசாவே கைநழுவலாம்.

சரி, நிஜமாகவே உள்நாட்டுச் சிற்றூருக்குப் போகிறவர்கள்? நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டு ஊரான டப்போவைத் தாண்டி ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு தம்பதி. கணவருக்கு முதியோர் இல்லத்தில் வேலை, காலை ஐந்தரைக்கே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், வாடகை குறைவு, கூட வேலை செய்கிறவர்கள் தங்கமானவர்கள். ஏழு மாதம் கழித்து வீடியோவில் பேசியபோது மனைவி போனைத் தூக்கி ஜன்னல் வழியே வெளியே காட்டினார். நடைபாதை நாலு வீடு தாண்டியதும் முடிந்து புல் தொடங்குகிறது, அப்புறம் லாரி போகும் நெடுஞ்சாலை, கடை அதற்கும் அந்தப் பக்கம். "பால் தீர்ந்தா அவர் வர்ற வரைக்கும் இல்லக்கா" என்றார். ஊரில் ஒன்பது வருடம் கணக்காளராக இருந்த பெண். தொட்டியில் வைத்திருந்த கறிவேப்பிலையும் ஜூலைப் பனியில் கருகிவிட்டிருந்தது, அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

ஊர்க்காரர்கள் சேர்த்துக்கொள்வார்களா என்ற பயத்தை விட்டுவிடுங்கள். 2018இல் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் விடிகாலையில் பிடித்துக்கொண்டு போனபோது நாலு வருடம் விடாமல் போராடி 2022இல் வீட்டுக்குக் கூட்டிவந்தது குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா என்ற சின்ன ஊர்தான். மனிதர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்களிடம் போய்ச் சேர உங்களுக்குக் கார் வேண்டும், ஓட்டத் தெரிய வேண்டும்.

அதனால் இப்போது நான் கோப்பைத் திறப்பதற்கு முன் கேட்பது இதைத்தான்: வீட்டில் வேலைக்குப் போகாத ஆளுக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா? இல்லையென்றால் விமான டிக்கெட்டுக்கு முன் அதை முடியுங்கள். இங்கே வந்து மறுபடி தேர்வு எழுத வேண்டியிருக்கும் என்றாலும் ஓட்டிப் பழகிய கை சீக்கிரம் தேறிவிடும். இரண்டாவது காருக்கும் பணம் ஒதுக்குங்கள். குழந்தைகள் காப்பகத்தில் இடம் இருக்கிறதா, மருத்துவர் புதிய நோயாளிகளைச் சேர்க்கிறாரா என்று அந்த ஊருக்கே போன் செய்து கேளுங்கள். ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம் அங்கே போய்த் தங்குங்கள், முடிந்தால் குளிர்காலத்தில். அதில் ஒரு நாள், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கப்போகிறவர் கார் இல்லாமல் கடைக்குப் போய் அரிசியும் பாலும் வாங்கி வரட்டும்.