குட்டி வீட்டில் முதலில் நெருக்குவது காற்று

கொல்லைப்புறத்தில் இருக்கும் கொஞ்ச இடத்தில் ஒரு குட்டி வீடு கட்ட நினைப்பவர்களுக்கு முதல் கவலை, சாமான்களை எங்கே வைப்பது என்பதுதான். மடக்குக் கட்டில், படிக்கட்டுக்கு அடியில் அலமாரி என்று வரைபடம் நிறைந்துவிடும். என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் காற்றுக்குக் கணக்குப் போட வேண்டும். வீட்டைச் சுருக்கலாம், அதில் வாழ்பவரின் மூச்சைச் சுருக்க முடியாதே.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தரை 20 சதுர மீட்டர், அதாவது சுமார் 215 சதுர அடி. உள்ளே இருக்கும் காற்று 50 கன மீட்டர். தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 13 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். இரண்டு பேர், 8 மணி நேரம் என்றால் 200 லிட்டருக்கு மேல். கதவு, ஜன்னல் எல்லாம் இறுக மூடியிருந்தால் விடியும்போது பத்து லட்சம் பங்கு காற்றில் 4,500 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கும். வெளிக்காற்றில் இது 420-ஐ ஒட்டியே இருக்கிறது. இதே இருவர் நான்கு மடங்கு பெரிய வீட்டில் அறைக் கதவுகளைத் திறந்து வைத்துத் தூங்கினால் 1,500-ஐத் தாண்டுவதே கஷ்டம். 4,500 என்பது உயிருக்கு ஆபத்தான அளவில்லை. ஆனால் காலையில் தலை பாரமாக இருக்கும், தூங்கி எழுந்த மாதிரியே இருக்காது.

கட்டடத்தைக் கெடுப்பது நீராவி. தூங்கும்போதும் மூச்சிலும் தோலிலும் ஒருவரிடமிருந்து மணிக்கு 40 கிராம் அளவுக்கு ஈரம் வெளியேறுகிறது. இருவருக்கும் சேர்த்து ஓர் இரவில் அரை லிட்டருக்கும் மேல். 20 டிகிரியில் 50 கன மீட்டர் காற்று மொத்தமாகவே 865 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதில் பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியில் வழியும், சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சையாகும். பலகை மேல் நேராகப் போட்ட மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் சில்லென்று நனைந்திருக்கும். உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு நீராவதால்தான் இது. கட்டிலுக்கு இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தால் போதும், கீழே காற்று ஓடிவிடும். சமையல் இன்னொரு பக்கம்: 1 கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் உண்டாகிறது. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி தனிக்கணக்கு. குட்டி வீட்டுக்கு மின்சார அடுப்பே நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வெயிலிலும் குளிரிலும் சின்ன வீடு சீக்கிரம் தோற்றுப்போகும். நம் வீட்டில் 20 சதுர மீட்டர் தரைக்குச் சுவரும் கூரையும் சேர்த்து 65 சதுர மீட்டர் வெளியைப் பார்த்து நிற்கின்றன. தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 3.25. பத்துக்கு எட்டு மீட்டர் வீட்டில் இது 2.1 மட்டுமே. ஆகவே குட்டி வீட்டின் கூரைக்கு வெப்பக் காப்பு கூடுதலாகவே வேண்டும். படுக்கையைப் பரணில் வைத்தால் இன்னும் மோசம்: சூடான காற்று மேலேறி, கூரைக்குக் கீழே, தூங்குபவர் முகத்துக்கு நேராக வந்து தேங்கும். பரணின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னலும் எதிர்ச்சுவரில் தாழ்வாக இன்னொன்றும் வைத்தால், காற்றே வீசாத நாளிலும் சூடு மேல்வழியாக வெளியேறி, குளிர்ந்த காற்றைக் கீழ்வழியாக இழுக்கும். இரண்டுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு கூடுகிறதோ, இழுப்பும் அவ்வளவு கூடும்.

சரி, இடத்துக்கு வருவோம். நடைபாதைதான் பெரிய விரயம். 90 சென்டிமீட்டர் அகலத்தில் 4 மீட்டர் பாதை விட்டால் நம் வீட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. சமையலறையில் இதைத் தீவிரமாக யோசித்தவர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த சமையலறை, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்தும், எத்தனை எட்டு வைக்கிறோம் என்று அளந்தும் செய்தது. எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே திரும்பினாலே கை எட்டும்.

அப்புறம் கதவு. 80 சென்டிமீட்டர் கீல் கதவு ஒன்று திறந்து மூட அரை சதுர மீட்டர் தரையைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே எதையும் வைக்க முடியாது. தள்ளுகதவு போட்டால் அந்த இடம் மிஞ்சும், ஆனால் சத்தமும் வாசனையும் இடுக்கு வழியாகக் கசியும். குளியலறையில் மட்டும் அந்த இடுக்கு வேலைக்கு ஆகும். அங்கே வினாடிக்கு 20 லிட்டர் இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை இரவு முழுக்க ஓடவிட்டு, எதிர்க்கோடியில் படுக்கைப் பக்கச் சுவரில் காற்று நுழைய ஒரு துளை விட்டால், புதுக்காற்று படுக்கையைக் கடந்து, அறை வழியாக, கதவு இடுக்கில் புகுந்து வெளியேறும். அந்த வேகத்தில் வீட்டுக் காற்று மணிக்கு ஒரு தடவைக்கும் மேலாக மாறும். விடியும்போது கார்பன் டை ஆக்சைடு 800-ஐத் தாண்டாது.