அச்சில் நேர்ந்த பிழைக்குத்தான் விலை

பழைமைதான் நாணயத்துக்கு விலையைத் தருகிறது என்பது பரவலான நம்பிக்கை. சந்தை அதை ஒப்புவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முதலாம் இராசராசன் பெயரில் வெளியான செப்புக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், சாதாரண நிலையில் உள்ள ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். அமெரிக்காவில் 1955-இல் அச்சான ஒருவகைச் சென்ட் நாணயமோ, பலர் கைபட்டுத் தேய்ந்திருந்தாலும் ஆயிரம் டாலரை ஒட்டி விலைபோகிறது. பிழை நாணயத்தின் மதிப்பை அறிய, அந்தப் பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நாணயத்தில் புடைத்துத் தெரியும் உருவம், எஃகு அச்சில் குழிவாகவும் இடவலம் மாறியும் இருக்கும். அந்த அச்சுகளை ஒவ்வொன்றாக யாரும் கையால் செதுக்குவதில்லை. புடைப்புருவம் கொண்ட மூல எஃகுத் துண்டை, மென்மையாக்கப்பட்ட வேறொரு எஃகுத் துண்டின்மேல் பெரும் அழுத்தத்தில் பதித்தே அவை செய்யப்படுகின்றன. அழுத்த அழுத்த எஃகு இறுகிவிடுவதால், அக்காலத்தில் ஒரே அழுத்தில் உருவம் முழு ஆழத்துக்கு இறங்கவில்லை. ஆகவே அச்சை உலையில் சூடாக்கி இளக்கி, முன்பு பதிந்த கோடுகளிலிருந்து இம்மியும் விலகாமல் பொருத்தி, மீண்டும் அழுத்தினார்கள். 1955-இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஓர் அச்சு இவ்வாறு மீண்டும் அழுத்தப்பட்டபோது சற்றே திரும்பியிருந்தது. சுழற்சியால் ஏற்படும் விலகல் மையத்தில் குறைந்தும் விளிம்பில் மிகுந்தும் இருக்கும் என்பதால், லிங்கனின் முகத்தில் மாற்றம் ஏதும் புலப்படாமல், ஓரத்து எழுத்துகளும் ஆண்டு எண்ணும் மட்டும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரிகின்றன.

குறை கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த அச்சில் அடித்த காசுகளில் 20,000-க்குக் குறையாதவை நல்ல காசுகளின் குவியலோடு கலந்துவிட்டிருந்தன. எல்லாவற்றையும் உருக்குவதைவிட வெளியே விட்டுவிடுவதே மேல் என்று அலுவலர்கள் முடிவு செய்தனர். அந்நாளில் தானியங்கி இயந்திரத்தில் 23 சென்ட் சிகரெட்டுக்குக் கால் டாலர் போடுபவருக்கு, மீதி 2 சென்ட் பெட்டியின் கண்ணாடித்தாள் உறைக்குள்ளேயே வந்துசேரும். இந்தக் காசுகள் பலவும் மக்களை அடைந்த வழி அதுதான்; புகைத்தவர்களுக்கு அதனால் விளைந்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்.

இந்த எண்ணிக்கையும் விலைக்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். உலகில் ஒன்றே ஒன்றாக உள்ள பிழைக் காசைத் தேடி அலைய யாருக்கும் தோன்றாது. ஆனால் சில ஆயிரம் இருந்தால் பட்டியல்களில் அதற்கு இடம் கிடைக்கிறது, தொகுப்பை நிறைவுசெய்ய விரும்பும் ஒவ்வொருவரும் அதைத் தேடுகிறார்கள்.

எல்லா இரட்டிப்புக்கும் இந்த மதிப்பு இல்லை. காசை அடிக்கும் நொடியில் அச்சு தளர்ந்து அசைந்தால், எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையான படிபோல் தோன்றும். அச்சே இரட்டையாக இருந்தால் இரு உருவங்களும் முழுப் புடைப்போடு நிற்கும். அதே 1955-இல் தேய்ந்த அச்சினால் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தோன்றும் சென்ட்டுகளும் உண்டு. அவை மலிவாகவே கிடைக்கின்றன.

அச்சு சரியாக இருந்து உலோகம் மாறிப்போவதும் உண்டு. போருக்காகச் செம்பைச் சேமிக்க, 1943-இல் அமெரிக்கச் சென்ட் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டது; முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எஞ்சியிருந்து இயந்திரத்துக்குள் போய்விட்டன. இவ்வாறு உருவானவற்றில் அறியப்பட்டவை மிகச் சிலவே என்பதால், எஃகுச் சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசியும், 1948-இன் 8-ஐச் சுரண்டி 3 ஆக்கியும் போலிகள் செய்யப்பட்டன. முதல்வகைப் போலியைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். எடையும் உதவும், ஏனெனில் வெண்கலச் சென்ட் 3.11 கிராம், எஃகுச் சென்ட் ஏறத்தாழ 2.7 கிராம். இரண்டாம் வகையோ காந்தத்தில் ஒட்டாது. அதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடியால் கடைசி எண்ணின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5, 10 ரூபாய் நாணயங்களுக்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாக இணையத்தில் சுற்றும் விளம்பரங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். அவை பிழையில்லாத அச்சுகளில் பெருமளவில் அடித்துப் புழக்கத்துக்கு விடப்பட்டவை. விளம்பரதாரர்களின் நோக்கம் பெரும்பாலும் நாணயத்தை வாங்குவதன்று. கட்டணம், தரகு, வரி என்ற பெயர்களில் முன்பணம் பறிப்பதே. 2021 ஆகஸ்ட்டில் இந்திய ரிசர்வ் வங்கி, பழைய நாணய விற்பனைக்காகத் தான் எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்றும், அவ்வாறு வசூலிக்க யாருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அறிவித்தது.