சின்ன பிக்சல் போட்டால் மீன் வந்துவிடாது

மதிப்பாய்வுக்கு இன்னொரு வரைபடம் வந்திருக்கிறது. கூன்முதுகு மாசீர் என்ற மீன் எங்கெல்லாம் வாழக்கூடும் என்று ஒரு கணினி மாடல் கணித்த படம். நீலகிரிச் சரிவு முழுக்கச் சிவப்பு. கூடலூர்த் தேயிலைத் தோட்டம் வரை மீன் ஏறிவிட்டது!

இந்த மீன் காவிரி வடிநிலத்துக்கு மட்டுமே உரியது. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். 2018-இல் இதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பட்டியலிட்டது. கூடலூர்ப் பக்கம் பாண்டியாறு மேற்கே சாலியாற்றுக்குப் போகிறது, அது காவிரியில் சேராது. கொஞ்ச தூரம் தள்ளி மாயாறு கிழக்கே பவானிக்கு, அதன் வழியே காவிரிக்குப் போகிறது. மாடல் நிலத்தைக் கட்டங்களாக, அதாவது பிக்சல்களாகப் பிரித்துப் பார்க்கிறது. 18 கி.மீ. கட்டம் ஒன்று இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடும். நடுவில் இருக்கும் மேடு மாடலுக்குத் தெரியாது, மீனுக்குத் தெரியும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "சரி சார், கட்டத்தைச் சின்னதாக்கிவிடுகிறோம்." இதுதான் எனக்கு எரிச்சல். எல்லோரும் எடுக்கும் வேர்ல்ட்கிளிம் என்ற உலகத் தட்பவெப்பத் தரவின் மிகச்சிறிய கட்டமே ஏறக்குறைய 1 கி.மீ. அதுவும் வானிலை நிலையங்களின் அளவீடுகளுக்கு நடுவே இட்டு நிரப்பிய மதிப்பு. அதை 90 மீட்டராக வெட்டினால் புதிதாக என்ன தகவல் வந்துவிடும்? ஒரு இட்லியைப் பத்தாக நறுக்கினால் பத்து இட்லியா? 30 மீட்டர் அகல ஆறு ஒரு சதுர கி.மீ. கட்டத்தை நேராகக் கடந்தால் அதில் தண்ணீர் 3 சதவீதம்தான். மீதி 97 சதவீதம் கரையும் காடும். காற்றின் வெப்பநிலையைக் கொடுத்துவிட்டு மீனைக் கேட்கிறோம். பவானிசாகர் போன்ற அணைக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு, எப்போது என்பதை மதகு தீர்மானிக்கிறது. மழைத் தரவில் அது எங்கே இருக்கிறது?

அப்புறம், மீன் எங்கே பிடிபட்டது என்ற பதிவுகள். பழைய அருங்காட்சியகச் சீட்டில் 'பவானி ஆறு, மேட்டுப்பாளையம்' என்று மட்டும் இருக்கும். கணினியில் ஏற்றியவர் ஊர் நடுவே புள்ளி வைத்திருப்பார். பல கி.மீ. பிழையுள்ள புள்ளியை 90 மீட்டர் கட்டத்தில் வைத்து என்ன பயன்?

மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்று சொல்லும் ஏ.யு.சி. மதிப்பெண் (அதிகபட்சம் 1) 0.95 வந்தது என்று பெருமைப்படாதீர்கள். மீன் கிடைத்த இடங்களோடு ஒப்பிட எடுக்கும் பின்னணிப் புள்ளிகளை மாநிலம் முழுக்க வறண்ட நிலத்திலும் இறைத்தால் யாருக்கும் வரும். ஆற்றுக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்கிறது மாடல், அவ்வளவுதான்.

கட்டத்தை விடுங்கள், ஆற்றுத் துண்டுகளை அலகாக எடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் மேல்நீர்ப்பிடிப்பு (அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்து சேரும் மேல்பகுதி நிலம்) முழுவதையும் கணக்கிடுங்கள். ஹைட்ரோஷெட்ஸ் என்ற ஆறு, வடிநிலத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. பின்னணிப் புள்ளிகள் ஆற்றுக்குள்ளேயே, அதே வடிநிலத்துக்குள்ளேயே இருக்கட்டும். மடுவா, பாறைத் தளமா, கூழாங்கல்லா என்பது எந்தச் செயற்கைக்கோள் அடுக்கிலும் ஒழுங்காகக் கிடைக்காது. காலை நனைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தயவுசெய்து மாநில எல்லையால் படத்தைக் கத்தரிக்காதீர்கள். 2007-இல் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்ததே கேரளத்துப் பாம்பாற்றில் பிடித்ததை வைத்துத்தான். அந்த ஆறு கிழக்கே ஓடி, காவிரியின் துணையாறான அமராவதியில் சேர்கிறது. தமிழ்நாட்டு எல்லையோடு வெட்டிய படத்தில் அந்த இடமே இல்லை.